முன்னிலைச் சொற்களும் சமுதாய வழக்கும்

மொழி கருத்தை வெளியிடும் கருவி என்பர். இக்கூற்று உண்மையே, ஆயினும் முழு உண்மை அன்று. 'வா', 'வாரும்', 'வாருங்கள்' என்னும் மூன்று ஏவல்களும் குறிக்கும் தொழில் ஒன்றே. வருதல் என்னும் அத்தொழிலில் அவற்றிடையே அணுவளவும் வேறுபாடு இல்லை. எனினும், 'வாருங்கள்' என்று அழைக்கத்தக்க ஒருவரை 'வா' என்று அழைப்பின் அவர் முகம் சுருங்குகின்றது. நெடுநாள் நண்பன் ஒருவனைத் திடீரென 'வாருங்கள்' என்று அழைப்பின், அவன் தன்பால் என்ன குறை கண்டோம் என்று ஐயுறுகின்றான். சொல் செய்தியைத் தருவதோடு நில்லாது, சொல்வோன் கேட்போனை எவ்விடத்தில் நிறுத்துகின்றான் என்பதனையும் உடன் உணர்த்துகின்றது. அவ்விரண்டாம் பணியையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ் வழங்கும் பல வட்டாரத்தாரும் பல வகுப்பாரும் முன்னிலையில் நிற்போரைச் சுட்டும் முறைகளை முதலாகக் கொண்டு, அண்டை மொழியாளர் வழக்கோடு அவற்றை ஒப்பிட்டு நோக்குவாம்.

நம் இலக்கண ஆசிரியர்கள் இப்பொருளை அறியாதவர் அல்லர். ஒருவரைப் பன்மைச் சொல்லால் கூறுதல் வழக்கில் உயர்வு குறித்து வருவதே அன்றி இலக்கண நெறியால் வருவது அன்று எனத் தொல்காப்பியனார் கிளவியாக்கத்தில் கூறுகின்றார். இதனுள் இரண்டு செய்திகள் உள. ஒன்று, அவர் காலத்திலேயே ஒருவரைப் பன்மையாற் கூறும் பழக்கம் மக்களிடையே இருந்தது என்பது. மற்றொன்று, இலக்கணம் என்பது வேறு, மக்கள் மதிப்புணர்ச்சி காரணமாகக் கொள்ளும் வழக்கு என்பது வேறு என்று அவர் பிரித்து உணர்ந்தார் என்பது. பிற்காலத்து நன்னூலார் இதனை இன்னும் விரித்து, உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவை காரணமாகத் திணையும் பாலும் மயங்குதலை அமைத்துக்கொண்டார். மகிழ்ச்சி மிகுதியால் பசுவை அம்மை என்பதும், வெகுளியால் மகனைக் கழுதை என்பதும் பிழையாகா என்பது இதன் பயன். தகுதி வழக்கு என்னும் பகுப்பும் இவ்வகையதே. இடக்கரடக்கலும் மங்கலமும் குழூஉக்குறியும் சொல்லின் பொருளைப் பற்றி எழுந்தவை அல்ல. யார் முன், எவ்விடத்து, எக்கூட்டத்தினுள் பேசுகின்றோம் என்பதைப் பற்றி எழுந்தவை. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மேலை நாட்டார் சமுதாய மொழியியல் எனத் தனித் துறை ஒன்றை வகுத்தனர். அத்துறையின் வித்துகள் நம் உரையாசிரியர் நூல்களில் உறங்கிக் கிடந்தன என்று கூறுதல் மிகையாகாது. அவை முளைத்து மரமாயின என்று கூறுதலோ மிகையே ஆகும். உரையாசிரியர்கள் அதனை மேலும் வளர்த்திலர்.

இனி, முன்னிலைப் பெயர்களின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். தொல்காப்பியத்தில் ஒருமைக்கு நீ, பன்மைக்கு நீயிர் எனும் இரண்டே உள. நன்னூலில் நீர், நீவிர், எல்லீர் என்பனவும் இடம்பெறுகின்றன. இன்று பெருவழக்காய் உள்ள 'நீங்கள்' இவ்விரு நூல்களிலும் இல்லை. நாம் என்பது நாங்கள் என்றும், தாம் என்பது தாங்கள் என்றும் ஆனவாறே, நீம் என்னும் பன்மைப் பெயர் 'கள்' விகுதி பெற்று நீங்கள் என்றாயிற்று என்பது மொழிநூலார் துணிபு. பன்மை உயர்வுப் பொருளில் ஒருவர்க்கு வழங்கத் தொடங்கிய பின், உண்மைப் பன்மையைக் காட்ட இன்னொரு பன்மை விகுதி வேண்டியதாயிற்று. பின்னர் அவ்விரட்டைப் பன்மையும் ஒருவர்க்கே வழங்கலாயிற்று. மதிப்புச் சொற்கள் நாணயம் போல்வன; கைமாறக் கைமாறத் தேய்வன. தேய்ந்தவற்றின் மேல் புதியன அச்சிடப்படுகின்றன.

இவ்விடத்து ஒரு வேடிக்கையையும் சுட்டாமல் இருத்தற்கில்லை. 'கள்' என்னும் விகுதி தொல்காப்பியத்தில் அஃறிணைப் பெயர்க்கு உரியதாகவே கூறப்பட்டது. திருக்குறளில் 'மற்றையவர்கள்' போன்ற ஓரிரு சொற்களில் அது உயர்திணைப் பக்கம் எட்டிப் பார்க்கின்றது. இன்றோ, பெரியோர் பெயருக்குப் பின் 'அவர்கள்' என்று எழுதாவிடின் அழைப்பிதழ் அச்சேறாது. ஆடுகளையும் மாடுகளையும் எண்ணப் பயன்பட்ட விகுதியே தலைவர்களுக்கு மாலையாயிற்று.

மதிப்பு என்பது எக்காலத்தும் பன்மையால்தான் உணர்த்தப்பட்டது என்று கருதுதல் தவறு. சங்கப் புலவர்கள் வேந்தரையும் வள்ளல்களையும் பெரும்பான்மை 'நீ' என்றே விளித்தனர். ஔவையார் அதியமானை அவ்வாறு விளித்ததில் இழிப்பு இல்லை. அக்காலத்து அதுவே இயல்பு. பத்தி இலக்கியத்தில் நிலைமை நுட்பமாகின்றது. இறைவனை நீ என்பதே பொது மரபு. இன்றும் கோயிலில் நின்று வேண்டுவோர் யாரும் கடவுளை நீங்கள் என்பதில்லை. ஆனால் தம்பிரான் தோழர் எனப் பெற்ற சுந்தரர், கண்ணொளி இழந்து வருந்தித் திருவாரூரில் பாடிய பதிகத்தில் இறைவனைப் பன்மையால் விளித்து முறையிடுகின்றார். தோழமை கொண்டவர் பன்மைக்கு மாறும்போது, அம்மாற்றம் உயர்வு குறித்தது மட்டும் அன்று, ஊடல் கலந்த விலக்கமும் குறித்தது என்று நாம் கருதுகின்றோம். இன்றும் கணவன் மனைவியரிடையே பூசல் மூளும்போது 'நீ' என்பது 'நீங்க' என்று ஏறுவதைக் காணாத இல்லம் இல்லை. ஏறுதல் எப்போதும் ஏற்றம் ஆகாது.

இதனை விளக்குதற்கு ரோசர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1960இல் வெளியிட்ட கட்டுரை துணைபுரியும். இலத்தீனத்தின் ஒருமை, பன்மை முன்னிலைப் பெயர்களிலிருந்து பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளில் தோன்றிய இணைகளை ஆராய்ந்த அவர்கள், இவ்வழக்கை இயக்குவன இரண்டு ஆற்றல்கள் என்றனர். ஒன்று அதிகாரம், மற்றொன்று ஒருமைப்பாடு. அதிகாரம் மேலோங்கும் சமுதாயத்தில் மேலோன் ஒருமையைக் கொடுத்துப் பன்மையைப் பெறுகின்றான். ஒருமைப்பாடு மேலோங்கும் இடத்தில் இருவரும் ஒன்றையே கொடுத்து ஒன்றையே பெறுகின்றனர். நெருங்கியவரிடையே ஒருமை, அயலாரிடையே பன்மை. நம் இல்லங்களில் தாயை 'நீ' என்றும் தந்தையை 'நீங்க' என்றும் அழைக்கும் பிள்ளைகள் பலர். தாய்க்கு மதிப்பில்லை என்பது அதன் பொருள் அன்று; தாய் ஒருமைப்பாட்டின் கணக்கிலும், தந்தை அதிகாரத்தின் கணக்கிலும் எழுதப்படுகின்றனர் என்பதே பொருள். இரு பெற்றோரையும் 'நீங்க' என்னும் குடும்பங்களும் உள. அங்கே இருவரும் ஒரே கணக்கில் வருகின்றனர்.

வட்டார வேறுபாடுகளுக்கு வருவோம். எழுத்துத் தமிழில் 'நீர்' இன்று அருகிவிட்டது. தமிழகத்தின் பெரும்பகுதியில் பேச்சிலும் அது வழக்கிழந்தது. ஆயினும் திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் 'வாரும்', 'இரும்', 'ஓய்', 'வே' என்னும் வடிவங்களில் அது இன்னும் உயிரோடு உலவுகின்றது. ஒத்த வயதினரான ஆடவர் இருவர், ஒருவரையொருவர் மதிக்கவும் வேண்டும், தோளில் கைபோடவும் வேண்டும் என்னும் நிலையில் அங்கு 'வே' பிறக்கின்றது. நீ, நீங்க என்னும் இரண்டனுள் இவ்வுறவு அடங்காது. யாழ்ப்பாணத்திலோ நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளும் பேச்சில் நிலைபெற்றுள்ளன. அங்கு 'நீர்' மேலோர் இளையோரையும், ஒத்தோர் ஒத்தோரையும் நயமாகச் சுட்டும் இடைப்படியாக விளங்குகின்றது. யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் சென்னையில் வந்து நட்பு முறையில் 'நீர்' என்றால், கேட்போர் அவன் நாடக வசனம் பேசுகின்றான் என்று எண்ணி நகைப்பர். சென்னையான் ஒருவன் யாழ்ப்பாணத்தில் பழகிய சில நாளிலேயே 'நீ' என்றால் அங்குள்ளோர் நகையார், வருந்துவர். இரு திறத்தாரும் ஒரே மொழியினர். இரு திறத்தாரும் தம் ஊரில் பண்புடையவர். பிழை சொல்லில் இல்லை, படிகளின் எண்ணிக்கையில் உளது.

கொங்கு நாட்டு வழக்கு தனியே எண்ணத்தக்கது. 'சரிங்க', 'இல்லீங்க', 'ஏனுங்க', 'நானுங்க' என்று எச்சொல்லோடும் ஒட்டும் 'ங்க' அந்நாட்டார் பேச்சின் அணி. பிற வட்டாரங்களிலும் அது உண்டாயினும் கொங்கிலே மிகுதி. இதனை வெறும் இனிமை எனப் புகழ்ந்து விடுதல் மொழிநூலார்க்குப் போதாது. 'அவன் வந்தானுங்க' என்னும் தொடரை நோக்குக. வந்தவன் அவன், வினைமுற்று ஒருமை, அவனுக்கு மதிப்பு இல்லை. 'ங்க' தரும் மதிப்பு யாருக்கு? கேட்டு நிற்பவர்க்கு. ஆகவே, வினையில் வரும் 'வாருங்கள்' என்பதன் 'ங்க' பன்மை விகுதியாயிருக்க, இந்த 'ங்க' எழுவாயோடு தொடர்பற்று, கேட்போரை மட்டும் நோக்கும் இடைச்சொல் ஆகிவிட்டது. பேசப்படும் பொருள் யாதாயினும், பேசப்படுவோர் யாவராயினும், கேட்போர் பெருமைக்கு ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் ஒரு கும்பிடு போடும் அமைப்பு இது. பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்போர் மக்களின் பணிவுமொழி பற்றி உலகளாவிய கொள்கை ஒன்றை 1978இல் வெளியிட்டனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளுள் ஒன்று கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தமிழ் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. மற்றையவை ஆங்கிலமும் மெக்சிக்கோ நாட்டு மாயர் இனத்தார் ஒரு பகுதியினர் பேசும் செல்தால் மொழியும் ஆம்.

தமிழில் இத்துணைச் சிக்கல் எழக் காரணம் யாது? எம் கருத்தில் அதற்கு முதற் காரணம் வினைமுற்றே. பெயரை ஒழித்துவிட்டுப் பேசினும் வினை காட்டிக் கொடுத்துவிடும். 'எப்போது வந்தாய்', 'எப்போது வந்தீர்', 'எப்போது வந்தீர்கள்' என்னும் மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். மலையாளத்தில் முற்றுவினைகள் பால், எண், இடம் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டன. ஆதலின் மலையாளியர், முன்னிலைப் பெயரைத் தவிர்த்து, 'சேட்டன்' என்றோ 'சார்' என்றோ முறைப்பெயரை வைத்துத் தப்பிவிடலாம். பேச்சுச் சிங்களத்திலும் வினை இடங்காட்டுவதில்லை. அம்மொழியில் 'உம்ப', 'ஒயா', 'தமுசே' முதலாக முன்னிலைப் பெயர்கள் பல உள. அவற்றுள் எதனை ஆண்டாலும் யாரேனும் ஒருவர்க்கு மனம் நோகும் ஆதலின், நாகரிகமாகப் பேசுவோர் அவற்றை ஆளாமலே அண்ணன், அக்காள், ஐயா என்னும் பொருள்படும் விளிகளால் உரையாடலை நடத்திச் செல்வர். யாழ்ப்பாணத் தமிழையும் சிங்களத்தையும் இவ்வகையில் ஒப்பிட்டு டபிள்யூ. எஸ். கருணாதிலகவும் சு. சுசீந்திரராசாவும் 1975இல் எழுதியுள்ளனர். ஒரே தீவில் அடுத்தடுத்து வாழும் இரு மக்களுள் ஒரு சாரார் பெயரை ஒளித்து மதிப்புக் காட்ட, மற்றொரு சாரார் பெயரையும் வினையையும் தேர்ந்து மதிப்புக் காட்ட வேண்டியுள்ளது. விடைபெறுங்கால் மட்டும் இருவரும் ஒன்றுபடுகின்றனர். 'போகிறேன்' என்பது இரு மொழியிலும் ஆகாது. 'போய் வருகிறேன்' என்பதே மங்கலம்.

வினை தப்பவிடாதாயினும், தமிழர் அதற்கும் வழி கண்டுள்ளனர். எதிரே நிற்பவரை நீ என்பதா நீங்க என்பதா என்று துணிய இயலாதபோது, 'சாப்பிட்டாச்சா?', 'கிளம்பியாச்சா?', 'எப்ப வந்தது?' என்று வினவுகின்றோம். 'ஆயிற்று' என்பது அஃறிணை ஒருமை முற்று. சாப்பிட்டவர் யார் என்பது அதில் இல்லை. பள்ளித் தோழன் இருபது ஆண்டு கழித்து உயர் அலுவலனாய் எதிர்ப்பட்டால் முதற் சில வாக்கியங்கள் இந்த 'ஆச்சு'வின் துணையாலேயே ஓடும். எழுத்தில் இதே பணியைச் செய்வது 'செய்யவும்' என்னும் வாய்பாடு. 'வரிசையில் நிற்கவும்', 'கதவைச் சாத்தவும்' என்னும் அறிவிப்புகள் யாரையும் ஒருமையிலும் அழைப்பதில்லை, பன்மையிலும் அழைப்பதில்லை. இலக்கணத்தார் சிலர் இவ்வடிவத்தை முற்றுப்பெறாத தொடர் என்று வெறுப்பர். நாம் வெறுத்தற்குக் காரணம் காணவில்லை. படிப்போர் யாவர் என்று அறியாத பலகைக்கு அதுவே தக்க மொழி.

படர்க்கையிலும் இத்தகைய இடைப்படிகள் உள. மதுரை, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் 'வந்தாப்ல', 'சொன்னாப்ல' என்பர். வந்தான் என்றால் குறைவு, வந்தார் என்றால் மிகை என்று தோன்றும் ஒத்த வயதினர்க்கு இது பயன்படும். இளம்பெண் ஒருத்தியை 'அது வந்துச்சு' என்று அன்போடு அஃறிணையாற் சுட்டுதலும் பரவலான வழக்கு. நன்னூலார் உவப்புக் காரணமான திணைமயக்கம் என்று இதனை அமைத்துக்கொண்டிருப்பார். அதே 'அது' வேலைக்காரப் பெண்ணைச் சுட்டும்போது உவப்பா, இழிப்பா என்பது சொல்லால் விளங்காது, குரலால் விளங்கும்.

இனி முறைப்பெயர்கள். தமிழர் அறியாதவரையும் உறவுப் பெயரால் அழைப்பவர். பேருந்தில் அருகிருப்பவர் அண்ணன், அக்காள், தம்பி, அம்மா, ஐயா, தாத்தா என்னும் ஏதேனும் ஓர் உறவாகிவிடுகின்றார். ஆயினும் எல்லா உறவும் இவ்வாறு கடன் கொடுக்கப்படுவதில்லை என்பதை நோக்க வேண்டும். அறியாத ஆடவனை 'அண்ணே' என்னும் பெண், அவனை 'மாமா' என்றோ 'மச்சான்' என்றோ அழையாள். திராவிட உறவுமுறையில் உடன்பிறப்பு முறையினர் மணத்திற்கு விலக்கு. மாமன், அத்தை வழியினர் மணத்திற்கு உரியர். எனவே 'அண்ணே' என்பது மதிப்போடு ஒரு வேலியையும் அமைக்கின்றது. இவ்வேலியைக் கடந்த வழக்குகளும் உண்டு. பார்ப்பனர் அண்டை வீட்டாரையும் மாமா, மாமி என்பர். அதனால் 'மாமி' என்பதே அவ்வகுப்புப் பெண்டிரைக் குறிக்கும் பொதுப்பெயராகப் பிறர் வாயில் மாறிவிட்டது. பாண்டி நாட்டு ஊர்கள் பலவற்றில் இந்துக்களும் முசுலிம்களும் ஒருவரையொருவர் மாமன், மச்சான் என்று அழைத்துக் கேலி பேசுதலைக் காணலாம். மணவுறவு நிகழாத இரு சமயத்தார் மணவுறவின் சொற்களை நட்பிற்கு எடுத்துக்கொண்டது இது. விளையாட்டாகத் தோன்றினும் ஊரொற்றுமைக்கு அது பெருந்துணை.

தமிழ் முசுலிம்களின் முறைப்பெயர்கள் தனியொரு கட்டுரைக்கு உரியன. அத்தா, வாப்பா, உம்மா, ராத்தா, காக்கா, நானா என்பன ஊர்தோறும் வேறுபட்டு வழங்குகின்றன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மூத்தோன் காக்கா, இலங்கையில் நானா. இச்சொற்கள் இருக்க, பிற சமயத்தார் முசுலிம் ஆடவரை 'பாய்' என்றே அழைக்கின்றனர். வடநாட்டு மொழியில் அதன் பொருள் உடன்பிறந்தான். அச்சொல் தமிழில் புகுந்தபின் உடன்பிறப்புப் பொருள் மங்கி, சமயத்தைக் காட்டும் பெயராகிவிட்டது. உறவு கூறப் புகுந்த சொல் வேறுபாடு கூறலாயிற்று.

கணவன் பெயரை மனைவி கூறாத மரபும் விளிச்சொற்களில் பல புதுமைகளைத் தோற்றுவித்தது. 'என்னங்க', 'ஏங்க', 'இந்தாங்க' என்பவை பெயரும் அல்ல, முறையும் அல்ல. பெயரிருக்க வேண்டிய வெற்றிடத்தில் ஒலிக்கும் மணிகள். பார்ப்பனப் பெண்டிரின் 'ஏன்னா' என்பது 'ஏன் அண்ணா' என்பதன் மரூஉ என்பர். பிள்ளையின் பெயரைச் சொல்லி அவன் அப்பா என்று சுற்றி வளைத்தலும் உண்டு. கணவனோ மனைவியைப் பெயர் சொல்லியும், 'ஏய்' என்றும், 'அடி' சேர்த்தும் தடையின்றி அழைத்தான். கொடுத்ததற்கும் பெற்றதற்கும் உள்ள இடைவெளி இங்கே வெளிப்படை.

இவ்விடைவெளி இல்லத்தினும் வயலில் மிகப் பெரிது. தஞ்சை மாவட்டத்துப் பண்ணைகளில் நிலவுடைமையாளர் 'ஆண்டை' எனப் பெற்றார். பண்ணையாள் முதியனாயினும் 'அடா' எனப் பெற்றான். நிலக்கிழார் வீட்டுச் சிறுவன் தன் பாட்டன் வயதுடைய உழவரைப் பெயர் சொல்லி 'வாடா' என்றான். அவர் அச்சிறுவனைச் 'சின்ன ஆண்டை' என்று பன்மையால் விளித்தார். வயதுக்கு மதிப்பளித்தல் தமிழர் பண்பு என்று நாம் மேடையில் முழங்குவதுண்டு. வயது சாதியின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாயிற்று என்பதே வழக்கு காட்டும் உண்மை. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் அம்மாவட்டத்து உழைப்பாளர் திரண்டபோது, கூலியுயர்வோடு சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிதல் வேண்டும் என்று போராடினர். 'டா' என்பவனைத் திருப்பி 'டா' என்று சொல் என்னும் அறைகூவலும் அவ்வியக்கத்தில் எழுந்ததாக அப்பகுதி மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். ஓரெழுத்து விகுதி ஒன்று கூலிக்கு இணையான கோரிக்கைப் பொருளாயிற்று என்பதை மொழி ஆய்வாளர் மறத்தல் கூடாது.

தன்மதிப்பு இயக்கத்தாரின் முயற்சியும் இவ்வழியதே. 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின் சாதிப் பட்டத்தை விட்டொழித்தல் வேண்டும் என்று தீர்மானித்தனர். 1932இல் ஐரோப்பாவும் சோவியத்து நாடும் சென்று மீண்ட ஈ. வெ. ராமசாமி, ஒருவரையொருவர் 'தோழர்' என விளிக்குமாறு வேண்டினார். 1967க்குப் பின் அரசு ஏடுகளில் ஸ்ரீ, ஸ்ரீமதி என்பன திரு, திருமதி என்று மாறின. ஆயினும் இவை யாவும் பெயரைச் சூழ்ந்த சொற்கள். வினைமுற்றின் உள்ளே புதைந்த நீயும் நீங்களும் தீர்மானத்தால் மாறுவன அல்ல.

பிறநாட்டார் இவ்விடத்தில் என் செய்தனர் என நோக்குவது பயன் தரும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் குவேக்கர் எனும் சமயத்தார், உயர்ந்தோர்க்கு வழங்கிய பன்மையாகிய 'யூ' என்பதை விலக்கி, யாவரையும் ஒருமையாகிய 'தௌ' என்றே அழைத்தனர்; அதனால் ஏச்சும் அடியும் பெற்றனர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் 1793இல் யாவரையும் ஒருமையில் அழைக்குமாறு வற்புறுத்தினர், அது நீடிக்கவில்லை. சுவீடன் நாட்டில் 1960களின் பிற்பகுதியில் ஒருமைப் பெயராகிய 'து' என்பதையே எல்லோரும் எல்லோர்க்கும் வழங்கும் மாற்றம் விரைந்து பரவியது. 1967இல் அந்நாட்டு மருத்துவத்துறைத் தலைவர் புரூர் ரெக்செட், தம் அலுவலர் யாவரையும் இனி 'து' என்றே அழைப்பதாக அறிவித்தது அதன் அடையாளமாக இன்றும் கூறப்படுகின்றது. இவர்கள் எல்லோரும் சமன்மையை ஒருமையின் வழியே நாடினர். மேலோரைக் கீழிறக்கித் தம்மோடு நிறுத்தினர். தமிழகத்தில் போக்கு இதற்கு நேர்மாறானது. 'திருப்பி டா சொல்' என்னும் அறைகூவல் போராட்டத்தின் உச்சத்தில் எழுந்ததாயினும், அது நிலையான வழக்காகவில்லை. மக்கள் கேட்டது எங்களையும் 'நீங்க' என்று சொல் என்பதே. ஏன்? தமிழில் அயலாரிடையே 'நீ' என்பது நட்பை உணர்த்தும் முன் இழிப்பை உணர்த்திவிடுகின்றது. நூற்றாண்டுகள் அதனை மேலிருந்து கீழே மட்டும் எறிந்து பழகியமையால் அது சமன்மைக்குக் கருவியாகும் தகுதியை இழந்தது போலும்.

சட்டம் இதில் ஓரளவே கைகொடுக்கும். 1989இல் இயற்றப்பட்ட தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் காணுமிடத்தில் அவர்களை இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதித்தலைக் குற்றமாக்கியது. 2015இல் வந்த திருத்தம் சாதிப் பெயர் கூறி வைதலையும் வெளிப்படையாகச் சேர்த்தது. வசைச்சொல் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கத்தக்கது. 'எப்ப வந்தே' என்னும் வினாவையோ எந்த வழக்குமன்றமும் வசை எனக் கொள்ளாது. அதே வினாவைத் தந்தை மகனிடமும் கேட்கின்றான் அல்லனோ? நகரத்தில் அலுவலகத்தில் நாள்தோறும் 'சார்' என்றும் 'நீங்க' என்றும் அழைக்கப்பெறும் இளைஞர், தம் ஊர் எல்லையில் இறங்கியவுடன் 'எப்படா வந்தே' என்று கேட்கப்படுகின்றார். கேட்டவர் உறவினராயின் அது வரவேற்பு. ஊரின் மேற்குடியினராயின் அது நினைவூட்டல். இரண்டும் எழுத்தில் ஒன்றே.

இம்மாற்றத்தின் நடுவே இப்போது தோன்றியுள்ள ஒரு கலவை வடிவம் ஆய்வுக்கு உரியது. இளையோரைத் 'தம்பி' என்று விளித்து வினையைப் பன்மையில் முடிக்கும் 'வாங்க தம்பி', 'சொல்லுங்க தம்பி' என்னும் வழக்கே அது. விளி மூப்பைக் காத்துக்கொள்கின்றது. வினை மதிப்பைக் கொடுக்கின்றது. முதியவர் தம் இடத்தை விட்டிறங்காமலே எதிரிலிருப்பவரை உயர்த்த இது வழி செய்கின்றது. ஊரின் பழைய வழக்கில் 'நீ' பெற்ற குடும்பத்துப் பிள்ளை ஒருவர் ஆசிரியராகவோ அலுவலராகவோ திரும்பும்போது, மேற்குடி முதியவர் முதலில் 'ஆச்சு' வடிவத்தில் ஒதுங்கிப் பின் 'வாங்க தம்பி' என்பதில் வந்து நிற்றலைச் சிற்றூர்களில் கேட்கலாம். ஆனால் அம்முதியவரே அப்பிள்ளையின் தந்தையை இன்னும் 'நீ' என்றே அழைத்தலும் உண்டு.

வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கும் நம் மாணவர்கள் ஒரு சொல்லை எழுதி, அதன் பொருளையும் ஊரையும் எழுதி அமைகின்றனர். முன்னிலைச் சொற்களுக்கு இது போதாது. சொன்னவர் யார், கேட்டவர் யார், கேட்டவர் மறுமொழியில் எதனைத் திருப்பிக் கொடுத்தார் என்னும் மூன்றும் தொகுப்பேட்டில் தனித்தனிக் கட்டங்களாக அமைதல் வேண்டும். மறுமொழிக் கட்டம் வெறுமையாய் நின்றால் அதனையும் அவ்வாறே குறித்துக்கொள்ள வேண்டும். 'நீ' என்று கேட்டவரிடம் வினையே இல்லாத ஒற்றைச் சொல்லால் விடையிறுத்து நகர்ந்தவர்கள் அக்கட்டத்தில்தான் இருப்பர்.